250 டூ ஸ்ட்ரோக்: ஐடில் இறங்க மாட்டேங்குது, கால் த்ராட்டிலில் திணறுது, முழுசா திறந்தா அரை நிமிஷத்தில் அடங்குது

மண்தடம்:

வணக்கம் அண்ணன்மாரே. வண்டி 250 சிசி டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக், கார்ப் (கார்புரேட்டர், காத்தையும் பெட்ரோலையும் கலக்குற பாகம்) கெய்ஹின் பிடபிள்யூகே 38. மெயின் ஜெட் 172, பைலட் ஜெட் 45 (ஜெட்னா பெட்ரோலை அளந்து விடுற துளை போட்ட பித்தளைத் திருகு), நீடில் கிளிப் மேலேயிருந்து மூணாவது காடி, ஏர் ஸ்க்ரூ ஒண்ணரைச் சுத்து வெளியே. ஆயில் 40:1 (40 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்). இதே செட்டிங்கில் முன்னாடி எந்தக் குறையும் இல்லாம ஓடின வண்டி. நடுவில் சில மாசம் டேங்கிலும் கார்பிலும் பெட்ரோலோடவே நின்னுடுச்சு. அதுக்கப்புறம்தான் தொல்லை.

குளிர்ந்த வண்டி சோக் இழுத்தா ரெண்டு கிக்கில் பிடிச்சுடுது. சூடானதும் ஐடில் தானா ஏறுது. த்ராட்டிலைத் திறந்து மூடினா ரேஸ் உடனே இறங்காம மேலேயே நின்னு மெதுவா இறங்குது. கால் த்ராட்டில் வரைக்கும் திறக்கும்போது ஒரு திணறல், அதைத் தாண்டிட்டா நல்லா இழுக்குது. திணறும்போது சோக்கை இழுத்துப் பிடிச்சா சரியாகுது. நீளமான நேர்ப்பாதையில் முழு த்ராட்டிலில் விட்டா முதல்ல பவர் முழுசா வருது, அரை நிமிஷம் போல ஆனதும் பெட்ரோல் தீர்ந்த மாதிரி அடங்குது. கையை விட்டுக் கொஞ்ச நேரம் மெதுவா ஓட்டினா திரும்ப வந்துடுது. டேங்கில் பாதிக்கு மேல பெட்ரோல் இருக்கு.

இன்னொண்ணு, வெயிலில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினா ஓவர்ஃப்ளோ ட்யூபில் சொட்டுது. பெட்ரோல் காக்கை மூடினா நின்னுடுது.

கார்பைக் கழட்டி ஸ்ப்ரே அடிச்சு சுத்தம் பண்ணியாச்சு. ஏர் ஃபில்டர் கழுவி ஆயில் போட்டிருக்கு. பிளக் புதுசு, பீங்கான் கிட்டத்தட்ட வெள்ளையா இருக்கு. லீனா (காத்து அதிகம், பெட்ரோல் கம்மி) ஓடுது, மெயின் ஜெட்டை 178 ஆக்குன்னு சொல்றாங்க. ஆக்கலாமா?

ஸ்லைடு38:

மெயின் ஜெட்டைத் தொடாதீங்க. அதே ஜெட்டோட நல்லா ஓடின வண்டி திடீர்னு லீன் ஆச்சுன்னா, ஜெட்டோட துளை சுருங்கலை. பெட்ரோல் வர்ற வழியில் அடைப்பு, இல்லைன்னா கணக்கில் வராத காத்து உள்ள போகுது. பெரிய ஜெட் போட்டு அதை மறைச்சா கோளாறு அங்கேயே இருக்கும், பிஸ்டன் வேற ஒரு நாள் பிடிச்சுக்கும். டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடதான் வருது. லீனா ஓடினா சூடு கூடுறதோட ஆயிலும் குறையுது. அதனால கோளாறு தீர்ற வரைக்கும் முழு த்ராட்டில் வேண்டாம்.

நீங்க எழுதினதைப் படிச்சா எனக்கு ஒரே கோளாறா தெரியலை. மூணு இருக்கு, ஒண்ணோட ஒண்ணு கலந்து குழப்புது.

முதல்ல ஒண்ணை மனசில் வைச்சுக்கோங்க. கார்பில் எந்த ஜெட் வேலை செய்யுதுங்கறதை முடிவு பண்றது ஸ்லைடு (த்ராட்டிலைத் திருகினா கார்புக்குள்ள மேலே ஏறுற அடைப்பு) எவ்வளவு தூக்கியிருக்குங்கறது, ஆர்பிஎம் இல்லை. ஐடில்ல இருந்து கால் த்ராட்டில் வரைக்கும் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும், அதோட ஸ்லைடின் கட்அவேயும் (அடியில் சரிவா வெட்டின பகுதி). காலிலிருந்து முக்கால் வரை நீடில் (ஸ்லைடில் தொங்குற கூம்பு ஊசி). முக்காலுக்கு மேல மெயின் ஜெட். எல்லைகள் ஒண்ணுமேல ஒண்ணு ஏறித்தான் இருக்கும், ஆனா நோய் கண்டுபிடிக்க இது போதும். த்ராட்டில் கிரிப்பிலும் அதன் ஹவுசிங்கிலும் டேப் ஒட்டி மூடினது, கால், பாதி, முக்கால், முழுசுன்னு கோடு போடுங்க. எந்தக் கோட்டில் திணறுதுன்னு பார்த்துச் சொன்னா பாதி வேலை முடிஞ்சது. "டாப் எண்டில் இழுக்கலை"ங்கற வார்த்தையை வைச்சு யாராலும் ஒண்ணும் சொல்ல முடியாது.

இப்போ அரை நிமிஷத்தில் அடங்குற விஷயம். மெயின் ஜெட் அடைச்சிருந்தா முழுசா திறந்த உடனேயே தெரியும், அரை நிமிஷம் காத்திருக்காது. முதல்ல பவர் வந்து அப்புறம் போகுதுன்னா ஃப்ளோட் கிண்ணம் (கார்ப் அடியில் பெட்ரோல் நிக்கிற கிண்ணம்) காலியாகுது. செலவாகுற வேகத்துக்கு வரத்து ஈடு கொடுக்கலை.

கணக்கு போட்டுப் பாருங்க. இந்த மாதிரி 250 முழு பவரில் 45 எச்பி பக்கம் கொடுக்குதுன்னா, மணிக்கு ஏறக்குறைய 20 லிட்டர் வேகத்தில் குடிக்கும், அதாவது நிமிஷத்துக்கு 330 மில்லி. கிண்ணத்தில் எடுக்கக்கூடியது 50 மில்லின்னு வைச்சுக்குவோம். வரத்து நிமிஷத்துக்கு 200 மில்லிதான்னா ஒவ்வொரு நொடியும் 2 மில்லி பற்றாக்குறை. இருபத்தஞ்சு நொடியில் கிண்ணம் காலி. நீங்க சொன்ன அரை நிமிஷம் இதுதான்.

சோதனை சுலபம். கார்ப் பக்கம் பெட்ரோல் ஓஸைக் கழட்டி, கார்ப் இருக்கிற அதே உயரத்தில் பிடிச்சு, அளவுக்கோடு போட்ட பாட்டிலில் விடுங்க. டேங்க் மூடி இறுக்கி மூடியிருக்கணும், அதுதான் முக்கியம். ஒரு நிமிஷம் முழுசா ஓட விடுங்க. 500 மில்லிக்கு மேல வந்தா நிம்மதி. அப்புறம் அதே சோதனையை மூடியைத் திறந்து வைச்சு ஒரு தடவை. சூடான இன்ஜின் மேலயோ சைலன்சர் பக்கமோ இதைச் செய்யாதீங்க.

மூடியைத் திறந்ததும் ஓட்டம் கூடினா, மூடியில இருந்து போற வென்ட் ஓஸில் அடைப்பு. ஒரே ஓட்டை போட்ட பால் டின் மாதிரி, காத்து உள்ள போக வழியில்லாம பெட்ரோல் வெளியே வராது. அந்த ஓஸில் உள்ள ஒரு வழி வால்வைத் திருப்பி மாட்டினாலும் இதே கதிதான். காத்து டேங்குக்குள்ள போகணும், வெளியே வரக்கூடாது. வாயால ஊதிப் பார்த்தாலே தெரிஞ்சுடும்.

மூடியைத் திறந்தும் ஓட்டம் கம்மின்னா காக். டேங்கைக் காலி பண்ணி காக்கைக் கழட்டினா உள்ள வலை ஃபில்டர் ரெண்டு உயரத்தில் இருக்கும், மெயினுக்கு ஒண்ணு, ரிசர்வுக்கு ஒண்ணு. பழைய பெட்ரோலோட பிசின் அதில்தான் படியும். ஓஸின் நடுவில் பேப்பர் ஃபில்டர் போட்டிருந்தா அதையும் சந்தேகப்படுங்க. அதில் பலது பம்ப் அழுத்தத்துக்குச் செஞ்சது, டேங்கில இருந்து தானா இறங்குற பெட்ரோலுக்கு அது தடைதான். ஓஸ் எங்கயாவது மடங்கியிருக்கான்னும், எக்ஸாஸ்ட் பைப்பை ஒட்டிப் போகுதான்னும் பாருங்க.

வெயிலில் சொட்டுறதுக்கும் வென்ட்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம். ஒரு வழி வால்வு இருக்கிறதால வெயிலில் டேங்குக்குள்ள அழுத்தம் ஏறும், அது பெட்ரோலைத் தள்ளும். ஃப்ளோட் ஊசி (கிண்ணம் நிறைஞ்சதும் பெட்ரோலை அடைக்கிற ஊசி) நல்லா இருந்தா தாங்கும். தேஞ்சிருந்தா அந்த அழுத்தத்தில் கசியும். ஊசியோட கருப்பு ரப்பர் முனையை நகத்தால தடவிப் பாருங்க, வளையமா பள்ளம் தட்டுப்பட்டா மாத்திடுங்க. அதைச் சும்மா விடாதீங்க, காக் மூட மறந்து ராத்திரி முழுக்க நின்னா கார்ப் வழியா கிராங்க்கேஸ் நிறைஞ்சு, மறுநாள் கிக்கர் இறங்காது. வேகமா மிதிச்சா உள்ள எதையாவது வளைச்சுடும்.

பைலட்தம்பி:

ப்ரோ, "ஸ்ப்ரே அடிச்சு சுத்தம் பண்ணியாச்சு"ன்னா என்ன பண்ணீங்க? கிண்ணத்தைத் திறந்து உள்ளே அடிச்சீங்களா, இல்ல ஒவ்வொரு ஜெட்டையும் வெளியே எடுத்தீங்களா? பைலட் ஜெட்டைக் கழட்டலைன்னா சுத்தம் பண்ணலைன்னு அர்த்தம். அந்தத் துளை அரை மில்லிமீட்டர்கூட இல்லை. சில மாசம் நின்ன பெட்ரோல் முதல்ல அடைக்கிறது அதைத்தான். கால் த்ராட்டில் திணறல், சோக் இழுத்தா சரியாகுறது, ரெண்டும் பைலட் பக்கம் லீன்னு சொல்லுது.

செய்ய வேண்டியது: காக்கை மூடு, கிண்ணத்து அடியில் 17 மிமீ போல்ட் இருக்கும், அதைக் கழட்டி வர்ற பெட்ரோலை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடி. ரெண்டு நிமிஷம் அப்படியே வை. அடியில் தனியா உருண்டு நிக்கிற துளிகள் இருந்தா தண்ணி. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கும், ஒரு அளவுக்கு மேல போனா தண்ணியும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியா பிரிஞ்சு நிக்கும். அப்படி இருந்தா டேங்க் முழுசையும் கொட்டிடுங்க. ப்ரீமிக்ஸ் (ஆயில் கலந்த பெட்ரோல்) போட்டு ஒரு மாசம் தாண்டினதை நான் நம்பமாட்டேன்.

மெயின் ஜெட்டை அந்த ஓட்டை வழியாவே 6 மிமீ பாக்ஸ் ஸ்பானரில் எடுத்துடலாம், ஆனா பைலட்டுக்குக் கிண்ணத்தை இறக்கணும். சரியான அகல ஸ்க்ரூடிரைவர் போடுங்க, பித்தளைத் தலை ஒரு தடவை உடைஞ்சா அதோட கதை முடிஞ்சது. வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சா துளை முழு வட்டமா தெரியணும். ஓரம் மங்கலா இருந்தாலும் அடைப்புதான். கம்பி, ஊசி, டிரில் பிட் எதுவும் உள்ளே விடாதீங்க, துளை பெருசாச்சுன்னா ஜெட் மேல எழுதியிருக்கிற நம்பருக்கு அர்த்தமே இல்லை. கார்ப் கிளீனரில் ஊற வைச்சு ஏர் அடிச்சாப் போதும், அப்படியும் போகலைன்னா புதுசு.

ஜெட்டை எடுத்தப்புறம் அது இருந்த குழிக்குள்ள ஸ்ப்ரே அடிச்சா, த்ராட்டில் துளைப் பக்கம் ஒரு சின்ன ஓட்டையில் பீச்சணும், ஏர் ஸ்க்ரூ எடுத்த ஓட்டையிலயும் வரணும். வரலைன்னா வழி அடைச்சிருக்கு. பல பேர் ஜெட்டை மாத்திட்டு இதை மறந்துடறாங்க. ஸ்ப்ரே அடிக்கிறதுக்கு முன்னாடி ஃப்ளோட் ஊசி, ஓ-ரிங், சோக் பிளஞ்சர் எல்லாத்தையும் எடுத்துடணும், ரப்பர் ஊதிப்போகும். ஏர் ஸ்க்ரூ முனையில் ஸ்ப்ரிங், வாஷர், குட்டி ஓ-ரிங் இந்த மூணும் இருக்கா பாருங்க. ஓ-ரிங் இல்லைன்னா அதுவே ஒரு காத்துக் கசிவு.

திரும்ப மாட்டும்போது ஸ்லைடின் கட்அவே ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கணும். திருப்பிப் போட்டா கிக் அடிச்ச உடனே வண்டி கத்தும்.

கலவை32:

எனக்கு ஆயில் மேலதான் சந்தேகம். 40:1 கம்மி. 32:1 போட்டா பிளக் வெள்ளை மாறிடும், ரிச் ஆகிடும். அஞ்சு லிட்டருக்கு 125 மில்லி போடுறதை 156 ஆக்கிப் பாருங்க.

ஸ்லைடு38:

கலவை32, இது நேர் எதிர். ரிச், லீன் ரெண்டும் காத்துக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதம். ஆயிலைக் கூட்டினா அதே ஜெட் வழியா போற திரவத்தில் பெட்ரோலோட பங்கு குறையுது, கலவை இன்னும் கொஞ்சம் லீன்தான் ஆகும். அதுவும் பெரிய மாற்றமில்லை: 40:1-ல் ஆயில் 2.4 சதவீதம், 32:1-ல் 3 சதவீதம், வித்தியாசம் 0.6. மெயின் ஜெட் 172-ல இருந்து 175-க்குப் போனாலே துளைப் பரப்பு ஏறக்குறைய 3.5 சதவீதம் கூடுது. லூப்ரிகேஷனுக்கு 32:1 நல்லதா 40:1 நல்லதாங்கறது தனி வாதம், அதை இங்க ஆரம்பிச்சா மண்தடத்தோட கேள்வி காணாமப் போயிடும்.

பிளக் நிறத்தையும் நம்பி முடிவெடுக்காதீங்க. புது பிளக்கில் கொஞ்ச தூரம் ஓடினா ஈயமில்லாத பெட்ரோலில் பீங்கான் மேல் பக்கம் வெள்ளையாத்தான் இருக்கும். மெயின் ஜெட்டைப் பத்திச் சொல்றது பீங்கான் உள்ளே போய் உலோகத்தைத் தொடுற அடியில் விழுற புகை வளையம். டார்ச் அடிச்சு உள்ளே பார்த்தாத்தான் தெரியும். அதுவும் முழு த்ராட்டிலில் ஓட்டி, அப்படியே கிளட்ச் பிடிச்சு இன்ஜினை நிறுத்தி, உடனே கழட்டின பிளக்கா இருக்கணும். மெதுவா உருட்டிக் கொண்டுவந்து கழட்டினா ஐடிலோட நிறத்தைத்தான் பார்ப்பீங்க.

மண்தடம்:

சோதிச்சாச்சு. மூடி இறுக்கி ஒரு நிமிஷத்துக்கு 210 மில்லி. ஆரம்பத்தில் நல்லா வந்து, போகப் போக நூலாயிடுச்சு. மூடியைத் திறந்து வைச்சா 620 மில்லி. வென்ட் ஓஸ் வால்வுக்குள்ள மண் கெட்டியா அடைச்சிருந்தது. அதை மாத்திட்டேன்.

பைலட் ஜெட்டைக் கழட்டவே இல்லைங்கறது உண்மை. எடுத்துப் பார்த்தா துளையில் பச்சைப் பிசின், பாதி வட்டம்தான் தெரிஞ்சது. புதுசு 45 போட்டேன், வழியெல்லாம் ஸ்ப்ரே பீச்சுது. ஃப்ளோட் ஊசியில் பள்ளம் இருந்தது, ஊசியும் மாத்தியாச்சு, சொட்டுறது நின்னுடுச்சு. ஃப்ளோட் உயரம் எப்படி அளக்கறதுன்னு தெரியலை, அதை அப்படியே விட்டிருக்கேன்.

முழு த்ராட்டிலில் ரொம்ப ஓட்டலை, ஆனா அடங்குறது போயிடுச்சு. கால் த்ராட்டில் திணறல் முக்கால்வாசி குறைஞ்சது. ஐடில் ஏறி நிக்கிறது மட்டும் அப்படியே இருக்கு. ஏர் ஸ்க்ரூவை முழுசா உள்ளே திருகினாலும் பெரிய மாற்றமில்லை.

கிராங்க்சீல்:

ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருகினால் பைலட் காற்று குறைந்து கலவை ரிச் ஆக வேண்டும். அதற்கும் ஐடில் மசியவில்லை என்றால், கார்புரேட்டரைத் தாண்டி எங்கோ காற்று நுழைகிறது. ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான். அதில் சிறிய கசிவும் பெரிய பங்காகிவிடும். அதனால்தான் முதலில் ஐடிலில் காட்டும், முழு த்ராட்டிலில் ஒளிந்துகொள்ளும். ஒளிந்துகொள்கிறது என்பதால் பாதிப்பு இல்லை என்று எண்ண வேண்டாம்.

அதற்கு முன் ஒரு நிமிட வேலை: இன்ஜின் ஓடும்போது ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். ரேஸ் மாறினால் த்ராட்டில் கேபிள் இறுக்கமாக இருக்கிறது, அல்லது டேங்குக்கு அடியில் தவறான வழியில் போகிறது. கேபிளில் சில மில்லிமீட்டர் தளர்வு வேண்டும். ஸ்லைடு இறங்காமல் ஒட்டிக்கொண்டாலும் இதே அறிகுறி வரும்.

அது சரியாக இருந்தால் கசிவைத் தேட வேண்டும். பலரும் ஓடும் இன்ஜினில் கார்ப் கிளீனரை அடித்து, ரேஸ் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் எரியக்கூடிய ஸ்ப்ரே தேவையில்லாத வம்பு. அத்துடன் மேக்னட் கவருக்குள் இருக்கும் சீலை (கிராங்க் ஷாஃப்டைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) அது எட்டாது. டூ ஸ்ட்ரோக்குக்கு உரிய முறை அழுத்தச் சோதனை.

கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, ரப்பர் மேனிஃபோல்டில் ஒரு அடைப்பானை வைத்துக் கிளாம்பை இறுக்குங்கள். டயர் வால்வு பொருத்திய ரப்பர் அடைப்பான் நன்றாகப் பொருந்தும். எக்ஸாஸ்ட் பைப்பை எடுத்துவிட்டு சிலிண்டர் வாயை விரியும் ரப்பர் பிளக்கால் அடையுங்கள். ஸ்பார்க் பிளக் இறுக்கமாக இருக்கட்டும். பிஸ்டனைக் கீழ்ப் புள்ளிக்குக் கொண்டுவந்தால் டிரான்ஸ்ஃபர் போர்ட் திறந்து, கிராங்க்கேஸும் சிலிண்டரும் ஒரே அறையாகும். கைப் பம்பால் 6 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். 8-ஐத் தாண்ட வேண்டாம், சீல் இடம் பெயரலாம். கம்ப்ரஸரை நேரடியாக மாட்டுவதை நினைக்கவே வேண்டாம்.

ஒரு நிமிடத்தில் 1 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் கசிவு உண்டு. சோப்புத் தண்ணீரைத் தடவிக் குமிழி தேடுங்கள். முதலில் உங்கள் அடைப்பான்களின் ஓரத்திலேயே தடவுங்கள், பாதிப் பேர் அங்கேதான் ஏமாறுவார்கள். பிறகு மேனிஃபோல்ட் ரப்பரின் வெடிப்புகள், ரீட் பிளாக் (கலவையை இன்ஜினுக்குள் மட்டும் விடும் இதழ் வால்வு) பேக்கிங், சிலிண்டர் அடி பேக்கிங், ஹெட், கிராங்க்கேஸ் இரு பாதிகள் சேரும் கோடு. மேக்னட் கவரைத் திறந்து ரோட்டருக்குப் பின்னால் சீல் இருக்கும் பகுதி. கிளட்ச் பக்கத்து சீலைப் பார்க்க கியர் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்தால் உள்ளே குமிழி விடும் சத்தம் கேட்கும், அல்லது அந்த ஓட்டையில் காற்று வரும்.

எந்தப் பக்கத்து சீல் என்பதை அறிகுறியிலேயே ஓரளவு ஊகிக்கலாம். கிளட்ச் பக்கம் போனால் இன்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சும்: வெள்ளைப் புகை அடங்காது, பிளக் நனையும், கியர் ஆயில் அளவு குறையும். மேக்னட் பக்கம் போனால் வெறும் காற்று வரும்: லீன், ஐடில் ஏற்றம். உங்கள் வண்டி சொல்வது இரண்டாவது கதை.

பவர் வால்வு (எக்ஸாஸ்ட் போர்ட்டின் திறப்பை மாற்றும் வால்வு) உள்ள இன்ஜினில் அதன் தண்டு வழியாகவும் மெதுவாக அழுத்தம் இறங்கும். அது எக்ஸாஸ்ட் பக்கம் என்பதால் கலவையைக் கெடுக்காது, ஆனால் அளவைக் குழப்பும். அதன் கவரிலும் சோப்பு தடவிப் பாருங்கள்.

இன்னொரு நுணுக்கம். சீலின் ஸ்ப்ரிங் உள்ள முகம் கிராங்க்கேஸைப் பார்த்து இருக்கும். உள்ளிருந்து அழுத்தம் கொடுத்தால் உதடு ஷாஃப்டின் மேல் இன்னும் இறுகும். அரைகுறையாகத் தேய்ந்த சீல் அழுத்தத்தில் தேறிவிடும், உறிஞ்சலில் தோற்கும். ஆகவே கை வேக்குவம் பம்ப் இருந்தால் 0.2 பார் உறிஞ்சி அதையும் பாருங்கள்.

கார்ப் வெளியே இருக்கும்போதே ரீட் பிளாக்கையும் எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். இதழ் ஓரம் உடைந்தோ, உட்காரும் இடத்தில் இடைவெளியோ இருந்தால் கலவை திரும்பிக் கார்புக்குள் துப்பும். மாற்ற வேண்டிய இடைவெளி இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், மேனுவலில் இருக்கும், பொதுவாக 0.2 முதல் 0.4 மிமீக்குள்.

ஃப்ளோட் உயரத்துக்கு: கார்பைச் சாய்த்துப் பிடியுங்கள். ஃப்ளோட்டின் நாக்கு ஊசியின் தலையில் உள்ள ஸ்ப்ரிங் முளையைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. அந்த நிலையில் பேக்கிங் முகத்திலிருந்து ஃப்ளோட்டின் உச்சிவரை அளந்து, மேனுவலில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். கவிழ்த்துப் பிடித்தால் ஃப்ளோட்டின் எடையே ஸ்ப்ரிங்கை அமுக்கி அளவைத் தவறாகக் காட்டும். நாக்கை வளைக்கும்போது ஊசி சீட்டில் அழுந்தாமல் ஃப்ளோட்டைத் தனியே கழற்றி வளையுங்கள். இந்த அளவு பிசகினால் மேலே செய்யும் எல்லா ஜெட் வேலையும் பிசகும்.

கியர்6:

நடுவில் ஒரு கேள்வி. கார்ப் இல்லாத இன்ஜெக்ஷன் டூ ஸ்ட்ரோக்குக்கும் இதே வழிதானா?

கிராங்க்சீல்:

சீல், ரீட், அழுத்தச் சோதனை அப்படியே பொருந்தும். பெட்ரோல் வரத்து மட்டும் வேறு: டேங்குக்குள் பம்ப், அதன் ஃபில்டர், லைனில் உள்ள சிறிய ஃபில்டர், இன்ஜெக்டர். கேடிஎம் 2018 மாடலில் கொண்டுவந்த டிபிஐ (டிரான்ஸ்ஃபர் போர்ட்டில் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்ஷன்) வகையில் அழுத்தம் 3.5 பார் அளவில் இருக்க வேண்டும். கேஜ் மாட்டி அழுத்தம் பார்க்காமல் இன்ஜெக்டரைக் குற்றம் சொல்லக் கூடாது. டேங்க் வென்ட் அடைத்தால் அங்கேயும் வண்டி திணறும்.

மண்தடம்:

கேபிள் சரி. அழுத்தச் சோதனையில் 6-ல இருந்து ஒரு நிமிஷத்தில் 3-க்கு வந்துடுச்சு. மேனிஃபோல்ட், ரீட் பேக்கிங், அடி பேக்கிங் எதிலும் குமிழி இல்லை. மேக்னட் பக்கம் ரோட்டருக்குப் பின்னாடி சோப்பு நுரைச்சு வருது. சீலை நானே மாத்தலாமா?

கிராங்க்சீல்:

மாற்றலாம், பெரும்பாலான இன்ஜின்களில் கிராங்க்கேஸைப் பிரிக்க வேண்டியதில்லை. ரோட்டரை அதற்குரிய புல்லரால் மட்டும் எடுங்கள். சுத்தியலால் தட்டினாலோ ஓரத்தில் நெம்பினாலோ காந்தமும் கிராங்க்கும் கெடும். ஸ்டேட்டர் பிளேட்டைக் கழற்றுவதற்கு முன் கேஸின் மீது அதன் இடத்தைக் கீறிக் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இக்னிஷன் டைமிங் மாறி இன்னொரு கோளாறைத் தேட வேண்டியிருக்கும்.

பழைய சீல் எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அளந்துவிட்டு எடுங்கள். கொக்கி போன்ற சீல் புல்லர் நல்லது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கேஸில் விழும் கீறல் வழியாகப் புது சீலும் கசியும். எடுத்ததும் இரண்டைப் பாருங்கள். ஷாஃப்டில் சீல் உதடு ஓடிய இடத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் உண்டா? இருந்தால், இடம் இருக்கும் பட்சத்தில் புது சீலை ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைக்கலாம், ஆனால் பேரிங்குக்கு ஆயில் போகும் துளையை அது மறைக்கக் கூடாது. அடுத்து, கிராங்க் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் மெயின் பேரிங் போயிருக்கிறது. புது சீல் அங்கே அதிக நாள் நிற்காது, கேஸைப் பிரித்தே ஆக வேண்டும்.

மாட்டும்போது ஷாஃப்டின் கீ காடி மீது மெல்லிய டேப் சுற்றிக்கொள்ளுங்கள், உதடு கிழியாது. உதட்டில் கிரீஸ், வெளி விளிம்பு சுத்தமாக. அகலமான சாக்கெட்டை வைத்து நேராக, கோணாமல் அழுத்துங்கள். ரோட்டரும் ஷாஃப்டும் சேரும் சரிவில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. கீயைச் சரியாக உட்காரவைத்து, நட்டை மேனுவலில் உள்ள டார்க்குக்கு இறுக்குங்கள். கவரை மூடும் முன் அழுத்தச் சோதனையை மறுபடியும் செய்யுங்கள்.

ஸ்லைடு38:

அது முடிஞ்சப்புறம் ஜெட்டிங்கைக் கீழேயிருந்து மேலே பாருங்க. இப்போ இருக்கிற 172, 45, மூணாவது காடி எல்லாம் நல்லா ஓடின செட்டிங், அதிலிருந்தே ஆரம்பிங்க.

வண்டி நல்லா சூடாகட்டும். ஐடிலைக் கொஞ்சம் தூக்கி வைச்சு, ஏர் ஸ்க்ரூவைக் கால் சுத்து கால் சுத்தாத் திருகி, ரேஸ் அதிகமா வர்ற இடத்தைக் கண்டுபிடிங்க. ஒவ்வொரு திருகலுக்கும் சில நொடி பொறுங்க. அந்த இடம் ஒரு சுத்துக்கும் ரெண்டரை சுத்துக்கும் நடுவில் வந்தா 45 சரி. ஒரு சுத்துக்குக் குறைவா இருந்தா பைலட் ஒரு சைஸ் பெருசு, ரெண்டரைக்கு மேல போனா ஒரு சைஸ் சின்னது. ஏர் ஸ்க்ரூ காத்தைக் கட்டுப்படுத்துது, வெளியே எடுத்தா லீன். ஃபோர் ஸ்ட்ரோக் கார்பில் இன்ஜின் பக்கம் இருக்கிற மிக்ஸ்சர் ஸ்க்ரூ இதுக்குத் தலைகீழ், அந்தப் பழக்கத்தில் திருகிடாதீங்க.

கால் த்ராட்டிலில் மீதி இருக்கிற திணறல் சீல் மாத்தினதும் போகலாம். போகலைன்னா பட்டுன்னு திறந்து பாருங்க: சத்தமே இல்லாம வெற்றா அமுங்கி அப்புறம் பிடிச்சா லீன், கரகரன்னு கொழகொழத்துப் புகையோட வந்தா ரிச். பாதி த்ராட்டிலில் இதையே பார்த்து, லீன்னா கிளிப்பை ஒரு காடி கீழே இறக்குங்க, நீடில் உயரும். ரிச்ன்னா மேலே ஏத்துங்க. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்.

கடைசியா மெயின் ஜெட். வெயில் காலத்துக்கு சரியா வைச்ச ஜெட் குளிர் காலத்தில் லீன் ஆகும், ஏன்னா குளிர் காத்து அடர்த்தி. 3 டிகிரி குறைஞ்சா அடர்த்தி ஏறக்குறைய 1 சதவீதம் கூடும். மலை மேல போனா இதுக்கு எதிர், 1000 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 சதவீதம் குறையும், அங்க ஜெட்டைச் சின்னதாக்கணும். கெய்ஹின் நம்பரையும் மிக்குனி நம்பரையும் ஒண்ணா நினைச்சு மாத்திப் போடாதீங்க, அளவிடுற முறையே வேற. முழு த்ராட்டிலில் பிளக் வளையம் பார்த்துட்டுத்தான் 172-ஐ மாத்தணுமான்னு முடிவு பண்ணணும். சந்தேகமா இருந்தா ஒரு சைஸ் ரிச் பக்கமே நில்லுங்க.

பைலட்தம்பி:

ப்ரோ, கார்பை மாட்டும்போது நாலு வென்ட் ஓஸும் மடங்காம, நுனி சேத்தில் முங்காம இருக்கட்டும். எல்லாமே கீழே தொங்கி, தண்ணியைக் கடக்கும்போது ஒரே நேரத்தில் முங்கினா கிண்ணத்துக்குக் காத்து கிடைக்காது, அங்கேயே திணறும். டி இணைப்பு போட்டு ஒரு கிளையை டேங்க் அடிக்குக் கொண்டுபோயிட்டா அந்தத் தொல்லை இல்லை. இனிமே வண்டியை நிறுத்தி வைக்கிறதா இருந்தா காக்கை மூடி, 17 மிமீ போல்ட்டைத் திறந்து கிண்ணத்தைக் காலி பண்ணிட்டு நிறுத்துங்க.

மண்தடம்:

சீல், பேக்கிங், புல்லர் மூணுக்கும் சொல்லியிருக்கேன். ஷாஃப்டில் ஆட்டம் இல்லை, நகத்துக்கு லேசா ஒரு கோடு மட்டும் தெரியுது. ஃப்ளோட் உயரமும் மேனுவல் அளவை விட 2 மிமீ விலகியிருந்தது, நாக்கை வளைச்சு சரி பண்ணிட்டேன். சீல் மாத்தி அழுத்தம் பிடிச்சதும் ஏர் ஸ்க்ரூ எத்தனை சுத்தில் நிக்குதுன்னு இங்கேயே எழுதறேன்.